ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்: கனரக பிக்கப் டிரக்கின் முன்பகுதி எப்படித் தளர்கிறது, எப்படி இறுகுகிறது

சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்க, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு அசைத்துக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிராக் லிங்க்கின் முனையில் விரல் நுனியை வைத்திருக்கிறார். விரலின் ஒரு பாதி பந்து மூட்டின் கிண்ணத்திலும் மறு பாதி அது கோக்கப்பட்டிருக்கும் நக்கிளின், அதாவது சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் உறுப்பின், கையிலும் படுகிறது. மூட்டு நல்ல நிலையில் இருந்தால் இரண்டும் ஒரே உடலாக அசையும். தேய்ந்திருந்தால் கிண்ணம் முதலில் நகரும், ஒரு சிறு ‘டக்’ விரலில் தெரியும், அதன் பிறகுதான் கை நகரும். அந்த ‘டக்’ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியாக இருக்கலாம். கண்ணுக்கு அது ஒன்றுமில்லாததுபோல் தோன்றும்.

சாலையில் அது என்ன செய்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நக்கிளின் ஸ்டீயரிங் கை ஏறத்தாழ 170 மில்லிமீட்டர் நீளம் என்று கொண்டால், அதன் முனையில் ஒரு மில்லிமீட்டர் நகர்வு சக்கரத்தை 0.34 பாகை திருப்பும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.8 மீட்டர் உள்ள ஒரு பிக்கப், இரு முன்சக்கரங்களும் அந்த அளவு திரும்பிய நிலையில், சுமார் 650 மீட்டர் ஆரமுள்ள வளைவில் செல்லத் தொடங்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டர் கடக்கும்போது, ஒரே நொடியில் வண்டி நேர்கோட்டிலிருந்து அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக விலகிவிடும். டயரின் நெகிழ்வு இதை ஓரளவு குறைக்கும் என்றாலும், ஓட்டுநர் எதையும் செய்யாதபோதே வண்டி தன் தடத்துக்குள் அலைவதும், அவர் ஓயாமல் சிறு சிறு திருத்தங்கள் செய்துகொண்டே ஓட்ட வேண்டியிருப்பதும் ஏன் என்பதை இந்த ஒரு மில்லிமீட்டரே விளக்கிவிடுகிறது.

கனரக பிக்கப்பில் இந்த ஆட்டம் விரைவாக வருவதற்குக் காரணம் எடை. டாட்ஜ் ராம் வண்டிகளில் பொருத்தப்பட்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் என்ஜின் மட்டுமே ஏறத்தாழ 500 கிலோ எடை கொண்டது. அந்த எடையின் பெரும்பகுதி முன் அச்சின் மேல் அமர்கிறது. உரிமையாளர் அதன் மேல் அகலமான, உயரமான டயர்களையும் மாட்டிவிட்டால், சக்கரம் இடவலமாகத் திரும்பும் சுழல்கோட்டிலிருந்து டயரின் மையம் வெளியே தள்ளிப்போகிறது. அதனால் ஒவ்வொரு குழியும் நெம்புகோல்போல் மூட்டுகளைத் தாக்குகிறது.

ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரம் வரையுள்ள பாதையை ஒரு சங்கிலியாகப் பார்ப்பது நல்லது. ஸ்டீயரிங் தண்டிலிருந்து இடைத்தண்டு, அதன் கீழ் ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் பிட்மன் ஆர்ம், அதை ஒரு பக்க நக்கிளோடு இணைக்கும் டிராக் லிங்க், இரு நக்கிள்களையும் ஒன்றோடொன்று கட்டும் டை ராட் என்று அது நீள்கிறது. இவை தவிர, திருப்பும் வேலை செய்யாமல் எல்லாவற்றையும் தத்தம் இடத்தில் பிடித்துவைத்திருக்கும் உறுப்புகளும் உண்டு: நக்கிள்களை அச்சோடு இணைக்கும் நான்கு பால் ஜாயின்ட்கள், சக்கரங்கள் சுழலும் இரண்டு ஹப் பேரிங்குகள், அச்சை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கைகளின் ரப்பர் புஷ்கள், குறுக்கே கிடக்கும் டிராக் பார். ஒவ்வொன்றிலும் உள்ள ஆட்டம் அடுத்ததன் ஆட்டத்தோடு கூடுகிறது. எனவே எதையாவது ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்ற எண்ணத்தில் தொடங்கும் மேம்பாடு பெரும்பாலும் பணத்தை வீணாக்குகிறது. எது தளர்ந்திருக்கிறது என்று முதலில் அளந்து அறிய வேண்டும்.

மூட்டின் உள்ளே நடப்பது எளிமையானது. மெருகேற்றிய எஃகுப் பந்து ஒன்று கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்தின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சாகவோ உலோகமாகவோ இருக்கும். வெளியே ரப்பர் உறை கிரீஸை உள்ளே வைத்துத் தண்ணீரையும் தூசியையும் தடுக்கிறது. மூட்டின் ஆயுள் அந்த உறையின் ஆயுளே என்று சொன்னால் மிகையில்லை. உறை கிழிந்த பிறகு உள்ளே போகும் நுண்மணல் கிரீஸோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். துரு மெருகைத் தின்றுவிடும். கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளை நான் விரும்புவதற்குக் காரணம், ஒவ்வொரு முறை கிரீஸ் செலுத்தும்போதும் பழைய அழுக்கு வெளியே தள்ளப்படுகிறது என்பதே. ஆனால் அந்த வேலையைத் தவறாமல் செய்பவருக்கு மட்டுமே அது நன்மை. செய்யாதவருக்கு நன்றாக மூடப்பட்ட தொழிற்சாலை மூட்டே நீண்ட நாள் உழைக்கும்.

ஸ்டீயரிங் பாக்ஸின் தேய்மானம் வேறு வகையானது, தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். இவ்வண்டிகளில் பெரும்பாலும் சுழல் பந்து வகை பாக்ஸ் இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டு ஒரு புரியைச் சுழற்ற, அந்தப் புரிக்கும் அதன் மேல் நகரும் நட்டுக்கும் இடையே சிறு எஃகுக் குண்டுகள் உருண்டு சுற்றிவருகின்றன. நட்டின் வெளிப்புறப் பற்கள், பிட்மன் ஆர்ம் மாட்டப்பட்டிருக்கும் செக்டார் ஷாஃப்ட்டின் பற்களைத் திருப்புகின்றன. நேராக ஓடும்போது ஆட்டமே இருக்கக் கூடாது என்பதற்காக, நடுப்பல் மற்றவற்றைவிடச் சற்று இறுக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கும். வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நேராகவே ஓடிக் கழிப்பதால், தேய்வதும் அந்த நடுப்பல்தான். மேலே உள்ள சரிசெய்யும் திருகை முறுக்கி நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்கிவிடலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது தேயாத ஓரப் பற்கள் அளவுக்கு மேல் இறுகிக்கொள்கின்றன. வளைவிலிருந்து மீளும்போது ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் பிடித்துக்கொண்டால், யாரோ அந்தத் திருகை அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். திருகைத் தொடுவதற்கு முன் மற்ற எல்லா மூட்டுகளையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது டிராக் பார். சுருள்வில்லின் மேல் நிற்கும் முழு அச்சுக்கு, அதாவது இரு சக்கரங்களையும் ஒரே உடலாக இணைக்கும் அச்சுக்கு, பக்கவாட்டில் நிலையான பிடிமானம் கிடையாது. வில் வளைந்து கொடுத்துவிடும். எனவே ஒரு முனை சட்டத்திலும் மறு முனை அச்சிலும் பொருத்தப்பட்ட ஒரு குறுக்குத் தண்டு அச்சை நடுவில் நிறுத்துகிறது. ஸ்டீயரிங் பாக்ஸ் சட்டத்தில் இருக்கிறது, நக்கிள் அச்சில் இருக்கிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். டிராக் பாரின் போல்ட் துளை ஒரு மில்லிமீட்டர் அகன்றுவிட்டால், அச்சு சட்டத்துக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும், டிராக் லிங்க்கோ நகராது. சக்கரத்தைப் பொறுத்தவரை யாரோ ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மேலே போட்ட கணக்கு அப்படியே இதற்கும் பொருந்தும். டை ராட், டிராக் லிங்க், பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் வண்டி அலைந்துகொண்டே இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

இதே காரணத்தால் டிராக் பாரும் டிராக் லிங்க்கும் ஏறக்குறைய இணையாகவும் நீளத்தில் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். அச்சு மேலும் கீழும் ஏறியிறங்கும்போது இரண்டின் முனைகளும் வட்ட வில்லில் நகர்கின்றன. இரு வில்களும் ஒத்துப்போனால் சக்கரம் திரும்பாது. ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானே திரும்பும். வண்டியை உயர்த்தும் கிட் போட்டவர்கள் பிட்மன் ஆர்மை மட்டும் மாற்றி டிராக் பாரின் இணைப்பை அப்படியே விட்டுவிட்டால், இந்த இணைத்தன்மை உடைகிறது.

டை ராட் அமைப்பிலும் இப்படி ஒரு வடிவியல் சிக்கல் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் வந்த டாட்ஜ் ராம் கனரக வண்டிகளில், டிராக் லிங்க் ஒரு பக்க நக்கிளுக்குச் செல்ல, மறுபக்கத்திலிருந்து வரும் டை ராட் அந்த டிராக் லிங்க்கின் நடுவில் கோக்கப்பட்டிருந்தது. பார்வைக்குக் கவிழ்த்த ஒய் எழுத்துப் போல் இருக்கும். வண்டி ஏறியிறங்கும்போது இந்த அமைப்பில் இரு சக்கரங்களுக்கும் இடையிலான கோணமே, அதாவது டோ அளவே மாறிக்கொண்டிருக்கும். பின்னால் வந்த ராம் வண்டிகளில் டை ராட் நேரடியாக நக்கிளிலிருந்து நக்கிளுக்குச் செல்லும் டி வடிவ அமைப்பு வந்தது. பழைய வண்டிக்காரர்கள் தேய்ந்த பாகங்களை மாற்றும் சமயத்தில் இந்தப் புதிய அமைப்பையே வாங்கிப் பொருத்துவது பரவலான வழக்கம். மேம்பாடு என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ளது இதுபோன்ற மாற்றம்தான். தடிமன் கூடியதால் அன்று, வடிவியல் திருந்தியதால்.

தடிமனான டை ராடைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட, மெல்லிய தண்டை இரு முனையிலும் அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன்பே வில்போல் வளைந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் வகுத்த விதிப்படி, அந்த வளைவுக்கு எதிரான வலிமை தண்டின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 32 மில்லிமீட்டர் திண்மத் தண்டுக்குப் பதில் 38 மில்லிமீட்டர் தண்டு போட்டால் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. இதில் ‘குரோம் மோலி எஃகு’ என்ற விளம்பரச் சொல்லுக்கு மயங்க வேண்டியதில்லை. எஃகுகள் எல்லாவற்றின் மீள்தன்மைக் கெழுவும் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். உயர்ந்த உலோகக்கலவை நிரந்தரமாக வளைந்துபோவதைத் தாமதப்படுத்தும், விறைப்பைக் கூட்டாது. அதைக் கூட்டுவது விட்டமே.

தண்டு விறைப்பானதும் விசை மறைந்துவிடுவதில்லை. முன்பு தண்டு சற்று வளைந்து உள்வாங்கிக்கொண்ட அதிர்ச்சி இப்போது நேராக பிட்மன் ஆர்முக்கும், அங்கிருந்து செக்டார் ஷாஃப்ட்டுக்கும் போகிறது. செக்டார் ஷாஃப்ட் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்டு, மறுபக்கம் பிட்மன் ஆர்மோடு அந்தரத்தில் நிற்பது. எனவேதான் பெரிய டயர் உள்ள வண்டிகளில், ஷாஃப்ட்டின் கீழ்முனையை ஒரு பேரிங்கின் வழியாகச் சட்டத்தோடு தாங்கும் பிரேஸ் பொருத்துகிறார்கள். பெரிய டயர் போடாத வண்டிக்கு நல்ல தரமான வழக்கமான பாகமே போதும் என்பது என் கருத்து.

முழு அச்சு இல்லாமல், முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்ட கனரக பிக்கப்களில் டிராக் பார் இல்லை. அங்கே பிட்மன் ஆர்ம், மறுபக்கத்தில் இணைப்பைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் ஆகியவற்றின் மூட்டுகளும், மெல்லிய வெளி டை ராட்களும்தான் முதலில் தளர்கின்றன. சோதிக்கும் முறை ஒன்றே.

முழு அச்சு வண்டிகளில் ஓட்டுநரை நடுங்கவைக்கும் நிகழ்வு ஒன்று உண்டு. ‘டெத் வாபிள்’ என்று அதைச் சொல்கிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு பாலத்தின் இணைப்பைக் கடந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் இடவலமாகக் கடுமையாக ஆடத் தொடங்கி, வேகம் வெகுவாகக் குறையும்வரை நிற்பதில்லை. 0.8 மீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.5 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டரில் அது நொடிக்கு 9 முறை சுழல்கிறது. பேலன்ஸ் தவறிய டயர் அந்த எண்ணிக்கையில் முன்பகுதியை உதைத்துக்கொண்டே இருக்கும். உதைக்கும் வேகம் முன்பகுதியின் இயல்பான அதிர்வுக்கு நெருங்கி வரும்போது ஓர் அதிர்ச்சி போதும். தேய்ந்த மூட்டின் இடைவெளிக்குள் சக்கரத்தைத் தடுக்க எதுவும் இல்லை. அது வேகமெடுத்துப் போய் மறுமுனையில் மோதுகிறது, டயரின் நெகிழ்வு அதைத் திருப்பி எறிகிறது. ஆட்டத்துக்கான ஆற்றலை வண்டியின் ஓட்டமே தருவதால் அது தானாக அடங்குவதில்லை. அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, நிதானமாக வேகத்தைக் குறைப்பதுதான்.

பாகங்களைப் பொருத்தும்போது மூன்று இடங்களில் தவறு நேர்வதைப் பார்க்கிறேன். பால் ஜாயின்ட், டை ராட் ஆகியவற்றின் தண்டுகள் கூம்பு வடிவத்தில் இருக்கும். கூம்பும் துளையும் ஒன்றையொன்று கவ்விப்பிடிக்கும் உராய்வே பிடிமானம். நட் தளர்ந்திருந்தால் தண்டு துளைக்குள் ஆடி அதை நீள்வட்டமாக்கிவிடும், பிறகு நக்கிளையே மாற்ற வேண்டியதுதான். குறித்த முறுக்குவிசையில் இறுக்கிய பின் நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின்னுக்கான துளை பொருந்தாவிட்டால், நட்டின் அடுத்த வெட்டு வரும்வரை மேலும் இறுக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி தன் சக்கரங்களில் முழு எடையோடு நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே உறைந்து சீக்கிரம் கிழியும்.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது. முழு அச்சில் டோ, கேஸ்டர் இரண்டுமே முக்கியம்; சக்கரம் திரும்பும் சுழல்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான கேஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்ப மறுக்கும்.

ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். புதிய டேம்பர் போட்டதும் ஆட்டம் சில மாதங்களுக்கு மறைந்துவிடும். எனவேதான் அதையே மருந்தாக நினைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். உள்ளே மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும். எல்லா வேலையும் முடிந்த பிறகு டேம்பரைக் கழற்றிவிட்டு, போக்குவரத்து இல்லாத சாலையில் குறைந்த வேகத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். டேம்பர் இல்லாமலேயே வண்டி நேராக ஓடி, மேடுபள்ளங்களுக்குப் பின் உடனே அடங்குகிறது என்றால், அப்போது அதை மாட்டலாம்.