எடிட் பண்ண மக்காச்சோளத்துல வெளி ஜீன் இருக்குமா?

ஒடுகத்தூர் பக்கம் மாட்டுக்கும் விக்கறதுக்குமா மக்காச்சோளம் போடற வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு: "நெல்லுல ஜீன் எடிட்டிங் பண்ணி ரகம் விட்டுட்டாங்களாம், அடுத்து மக்காச்சோளம்னு பேசிக்கினு இருக்காங்க, இதுவும் பிடி பருத்தி மாதிரி தானே சார், வேற எதோட ஜீனோ உள்ள போயி உக்காந்துக்கும், அத மாட்டுக்குப் போட்டா பால்ல வராதா?"

பால் விஷயம் மொதல்ல. எந்தத் தீவனத்துலயும் ஜீன் இருக்கு, பச்சப் புல்லுலயும் இருக்கு, எல்லாம் வயித்துல செரிச்சிடும், மாட்டோட ஜீனா மாறாது. பிடி பருத்தியில பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கற பாக்டீரியாவோட ஜீன் இருக்குங்கறது உண்மதான். ஆனா எடிட்டிங் வேற வேலை. செடியில ஏற்கனவே இருக்கற ஜீன்ல ரெண்டு மூணு டிஎன்ஏ எழுத்த மாத்தறது. அப்ப அதுக்காக உள்ள விடற வெட்டற கருவி செடிக்குள்ளயே தங்கிடாதான்னு கேட்டா, மக்காச்சோளத்துல அதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சிருக்காங்க, அதச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

அந்த வெட்டற கருவி பேரு கிரிஸ்பர், நெறைய பேருக்குத் தெரியும், அதனால வேகமா சொல்லிடறேன். காஸ்9னு ஒரு புரதம், அதுக்கு வழி காட்ட 20 எழுத்துள்ள ஒரு ஆர்என்ஏ. டிஎன்ஏல அந்த 20 எழுத்து பொருந்தி, பக்கத்துல ஜிஜின்னு ரெண்டு எழுத்தும் இருந்தா அங்க வெட்டும். செல்லு பதறிப்போயி அவசரமா ஒட்டும், ஒட்டும்போது ஒண்ணு ரெண்டு எழுத்து விட்டுப்போகும், இல்ல கூடிப்போகும், அந்த ஜீன் வேலை செய்யாம நின்னுடும். 2012ல டவுட்னா, ஷார்பான்டியேன்னு ரெண்டு விஞ்ஞானிங்க இதக் காட்டினாங்க, 2020ல நோபல். நம்ம வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஸ்டெம் செல் மையத்துல ரத்த நோய்க்கு ஆராய்ச்சி பண்றதும் இதே கருவிய வெச்சுத்தான்.

மக்காச்சோளத்துல இதுக்கு நல்ல உதாரணம் வேக்ஸின்னு ஒரு ஜீன். சாதாரண மணியில இருக்கற மாவுல சுமார் கால் பங்கு அமைலோஸ், மீதி அமைலோபெக்டின், ரெண்டுமே மாவுச்சத்து வகைதான். வேக்ஸி ஜீன நிறுத்திட்டா அமைலோஸ் வராது, மொத்த மாவும் அமைலோபெக்டினா ஆயிடும், உணவுத் தொழிலுக்கும் பசைக்கும் அதுக்கு நல்ல கிராக்கி. மணிய வெட்டி ஒரு சொட்டு அயோடின் விட்டா சாதாரண மணி கருநீலமா ஆகும், வேக்ஸி மணி செம்பழுப்பா நிக்கும். இந்த மாதிரி மக்காச்சோளம் சீனாவுல ரொம்ப நாளா இருக்கு, ஆனா அந்த குணத்த நல்ல ரகத்துக்குக் கொண்டு வரணும்னா கலப்பு பண்ணி, திரும்பத் திரும்ப நல்ல தாயோடயே சேத்து ஆறேழு தலைமுறை ஓட்டணும், அப்பவும் வேண்டாத ஜீன் நாலு கூடவே ஒட்டிக்கினு வந்து மகசூலக் கொறச்சிடும். 2020ல கோர்டேவாங்கற விதைக் கம்பெனிக்காரங்க 12 நல்ல வரிசையில (வரிசைன்னா தலைமுறைக்குத் தலைமுறை குணம் மாறாம வர சுத்தமான ரகம்) நேரடியா எடிட் பண்ணிப் பாத்தாங்க, பழைய முறையில வந்த வேக்ஸிய விட ஏக்கருக்கு சராசரியா அஞ்சரை புஷல், அதாவது சுமார் 140 கிலோ கூட வந்துச்சு.

ஆனா நல்ல ரகத்துல நேரடியா எடிட் பண்றதே பெரிய பாடு. காஸ்9 ஜீன செல்லுக்குள்ள விட்டு, அந்த செல்லுலேர்ந்து டிஷ்யூ கல்ச்சர்ல முழுச் செடி எடுக்கணும், பல நல்ல வரிசைங்க அதுக்கு ஒத்துழைக்கவே மாட்டேங்குது. அப்பறம் அந்த காஸ்9 ஜீன வேற வெளியேத்தணும்.

இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் வருது. 1959ல அமெரிக்காவுல எட்வர்ட் கோங்கற விஞ்ஞானி ஒரு மக்காச்சோள வரிசையப் பத்தி எழுதினாரு, பேரு ஸ்டாக் 6. அதோட மகரந்தத்த வேற செடியோட கதிர் முடியில போட்டா, 100 மணிக்கு ரெண்டு மூணு மணி அப்பன் சாயலே இல்லாம அம்மாவோட 10 குரோமோசோம் மட்டும் வெச்சுக்கினு வருது. வழக்கமா 20 இருக்கணும். ஏன் இப்படின்னு 2017லதான் தெரிஞ்சுது: மகரந்தத்துல வேலை செய்யற ஒரு ஜீன்ல நாலு எழுத்து கூடிப்போயிருக்கு, அதனால கருவுல அப்பனோட குரோமோசோம் நிலைக்காம கழண்டுடுது.

அந்த மணிய எப்படி அடையாளம் கண்டுபுடிக்கறது? பள்ளிக்கூடத்துல இரட்டைக் கருவுறுதல் படிச்சிருப்போம், ஒரு மகரந்தத்துலேர்ந்து ரெண்டு விந்து, ஒண்ணு கருவுக்கு, இன்னொண்ணு மாவுக்கு. அப்பன் வரிசையில ஊதா நிற ஜீன் ஒண்ண வெச்சிருப்பாங்க. சாதாரண மணியில மேல் மாவும் ஊதா, உள்ள கருவும் ஊதா. அப்பன் கழண்டுபோன மணியில தலை மட்டும் ஊதா, கரு வெள்ளை. மணிய கையில எடுத்துத் திருப்பிப் பாத்தாலே போதும், மெஷின் எதுவும் வேண்டாம்!

இப்ப அந்த அப்பனுக்குள்ள காஸ்9ஐயும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் வெச்சுட்டா? 2019ல சின்ஜென்டாங்கற விதைக் கம்பெனி ஆளுங்க இதத்தான் பண்ணாங்க. மகரந்தம் உள்ள போவுது, கரு உருவாவுது, அப்பனோட காஸ்9 அம்மாவோட குரோமோசோம்ல சொன்ன எடத்துல வெட்டுது, அப்பறம் அப்பனோட குரோமோசோம் மொத்தமும் கழண்டு போயிடுது, அதுகூடவே காஸ்9 ஜீனும் போயிடுது. கொத்தனாரு வந்து செவுத்த சரி பண்ணிட்டு தன் கரண்டி மட்டம் எல்லாத்தயும் மூட்டை கட்டி எடுத்துக்கினு போயிட்ட மாதிரி. எல்லா மணியிலயும் இது நடக்காது, கொஞ்சத்துலதான் எடிட் விழும், ஆனா விழுந்த மணியில இருக்கறது அம்மா ரகம், கூட அந்த ஒரு மாத்தம், அவ்ளோதான். இதே வேலைய மக்காச்சோள மகரந்தத்த கோதுமைப் பூவுல போட்டும் பண்ணிக் காட்டினாங்க, கோதுமைக் கருவும் எடிட் ஆச்சு, எத்தன தடவ படிச்சாலும் அந்த எடம் எனக்கு சிலிர்க்கும்.

பத்து குரோமோசோம் செடி தானா விதை புடிக்கறது கஷ்டம், அதனால நாத்தா இருக்கும்போது கோல்ச்சிசின் குடுக்கறாங்க. செல்லு பிரியறப்ப குரோமோசோம இழுக்கற இழைய அது தடுத்துடும், பத்து இருபதாகி ஒரே செல்லுல தங்கிடும். உடனே சுத்தமான வரிசை கெடச்சிடுது. இந்த கோல்ச்சிசின் நம்ம மாநிலப் பூ செங்காந்தள்லயும் இருக்கு, கண்வலிக் கிழங்குன்னு நம்ம விவசாயிங்க விதைக்காகப் பயிர் பண்றது அதத்தான்.

எடிட் பண்ண விதை தின்னா மலடாயிடும், நெலம் செத்துடும்னு ஃபோன்ல வர செய்திய நம்பாதீங்க. நம்ம நாட்டுல 2022 மார்ச்லயே விதி வந்துடுச்சு: வெளி டிஎன்ஏ எதுவும் மிச்சமில்லன்னு நிரூபிச்சாத்தான் பிடி மாதிரி பயிருக்கு இருக்கற கெடுபிடியிலேர்ந்து விலக்கு. 2025 மே மாசம் அறிவிச்ச ரெண்டு நெல் ரகமும் அந்த வழியிலதான் வந்துச்சு. அதே சமயம் எடிட்டிங் எல்லாத்துக்கும் மருந்து இல்ல. குருத்த திங்கற படைப்புழு 2018ல கர்நாடகாவுல மொதல்ல தென்பட்டுச்சு, இப்ப நம்ம பக்கமும் படாத பாடு படுத்துது, அத ஒரு ஜீன நிறுத்தி விரட்ட முடியும்னு யாராவது சொன்னா ஆதாரம் கேளுங்க.

என் கவலை வேற. மேல சொன்ன ரெண்டு பெரிய வேலையும் தனியார் கம்பெனி பண்ணது. ஹைப்ரிட் மக்காச்சோளம்னா ஒவ்வொரு போகத்துக்கும் விதை வாங்கித்தான் ஆகணும், அதுல காப்புரிமைக் காசும் சேந்தா ஒரு ஏக்கர்காரன் எங்க போவான்? அதனால இந்த வேலைய அரசுதான் செய்யணும், பணமும் போடணும். 2023-24 பட்ஜெட்ல பயிர் எடிட்டிங்குக்கு 500 கோடி ஒதுக்கினாங்க, அது நெல்லோட நிக்கக் கூடாது. ஒடிசா கட்டாக் நெல் ஆராய்ச்சி நிறுவனத்துல காஸ்9ல பாதி கூட இல்லாத டிஎன்பிபிங்கற சின்ன வெட்டற புரதத்த செடியில வேலை செய்ய வெச்சிருக்காங்க. நம்ம பெங்களூரு ரோட்டப் புடிச்சு தாண்டிப் போனா கர்நாடகாவுல குணிகல், அங்க மக்காச்சோளத்துல இந்தப் பத்து இருபதாக்கற வேலைக்குன்னே ஒரு மையம் 2021லேர்ந்து இருக்கு. திண்டுக்கல் மாவட்டம் வாகரையில நம்ம வேளாண் பல்கலையோட மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இந்த மூணயும் ஒரே திட்டத்துல கோத்துப் பணம் ஒதுக்கச் சொல்லி உங்க எம்பிக்கும் எம்எல்ஏவுக்கும் எழுதுங்க, நானும் எழுதறேன்.