சிஸ்டர் "நிறுத்துங்க" என்றால்

நைட் டூட்டியில் நடந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் நோயாளி. பிபி சரியாக இருந்தது, ஆக்சிஜன் 94. மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 26. மாலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போர்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். டூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். "வைட்டல்ஸ் ஓகேதானே சிஸ்டர், காலையில பார்க்கலாம்" என்றார். மறுபடி கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் அப்படிக் கூப்பிட்ட ஒருத்தி, ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தாள். நான்கு மணிக்கு அவரை ஐசியூவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இதற்கு மருந்தாக நிர்வாகங்கள் தருவது பெரும்பாலும் "தன்னம்பிக்கைப் பயிற்சி". எனக்கு அறிவிலும் குறையில்லை, வாயிலும் குறையில்லை. என் சொல்லுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஐசியூவில் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடும்போது தொற்று வராமலிருக்க ஒரு சிறிய பட்டியல் போட்டார். கை கழுவுவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது என்று எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். புதிது வேறொன்று: டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் நிறுத்தலாம், நிர்வாகம் அவர் பக்கம் நிற்கும். பின்னர் மிச்சிகன் மாநில ஐசியூக்களிலும் இந்த முறை வந்தது. 2006இல் வெளியான முடிவின்படி, 1000 லைன் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு லைன் இருக்கும் ஒரு நாள், ஒரு லைன் நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு, அதாவது ஐசியூக்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, மூன்றே மாதத்தில் பூஜ்யம். பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டியிருந்தால் இது நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

தகவல், ஆதரவு, வளங்கள், வளர வாய்ப்பு, இந்த நான்கும் கைக்கு எட்டினால்தான் வேலையிடத்தில் ஒருவருக்கு அதிகாரம் என்று 1977இலேயே சொன்னவர் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர். வளங்கள் என்றதும் மருந்தை அளவாக, மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்தான் எனக்கு ஞாபகம் வரும். பக்கத்து வார்டில் அதைக் கெஞ்சி வாங்கி வரும் நேரத்தில் என் நோயாளியை யார் பார்ப்பது? யாருக்கு எப்போது டூட்டி என்று போடும் ரோஸ்டரும் அப்படித்தான். ஆள் போதாத ஷிஃப்டில் எந்த அதிகாரமும் காகிதத்தோடு சரி. நர்ஸ் தினத்து கேக்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு நான் சேர்ந்த இடத்தில் அவசரக் குழுவை அழைப்பதற்கான காரணங்களில் கடைசி வரி: "நர்ஸுக்குக் கவலையாக இருக்கிறது." எண் எதுவும் தேவையில்லை. ஒரு இரவு புதுசாக வந்த பெண் அதை வைத்தே அழைத்தாள். குழு வந்து பார்த்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே, "கூப்பிட்டது சரிதான் சிஸ்டர், ஒரு மணி நேரம் கழிச்சு எனக்குச் சொல்லுங்க" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அவள் போனை எடுத்தபோது, என்னிடம் கேட்கக்கூட இல்லை.