எண்ணெய்த் துணியை எங்கே போட்டீர்கள்?

போன மாதம் ஒரு எஸ்டேட்காரர் எங்கள் பட்டறைக்குத் தன் தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். தோளில் வைக்கும் மரப்பகுதியான கட்டை வால்நட் மரம். வீட்டிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசியிருந்தார். பளபளப்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் மரமும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் இரும்பின் விளிம்பு நகத்தில் தட்டியது. அங்கே மரம் ஒரு மயிரிழை மேலே நிற்க வேண்டும். தேய்த்துப் போன மரத்தை யார் ஒட்டவைப்பது?

கட்டையில் பள்ளம் விழுந்தால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஈரத்துணியை வைத்து மேலே சூடான இஸ்திரிப்பெட்டியை லேசாக ஒற்றுங்கள். நார் அறுந்திருக்காது, அமுங்கித்தான் இருக்கும். ஆவி பட்டால் உப்பி எழும்பும். கட்டங்கட்டமாகக் கீறிய கைப்பிடிக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். கன்னம் படும் மேல்விளிம்பைக் குறைப்பதானால் அரத்தால் நாலு இழுப்பு இழுங்கள், தோளில் வைத்துப் பாருங்கள், அப்புறம் அடுத்த நாலு. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். ‘காலையில்தான் பார்த்தேன்’ என்பது கணக்கில் சேராது. தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. கட்டை தவிர வேறெதையும் கழற்றாதீர்கள். பழுதுபார்க்கும் வேலைக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்கிறார்கள். அது காயவே காயாது, தூசிதான் ஒட்டும். லின்சீட் ஆயில் காயும். அது ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியாகிறது. அப்போது சூடு கிளம்பும். எண்ணெய் பூசிய துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிப் போட்டால் உள்ளேயே ஏறி, சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி தேவையில்லை. 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது இப்படித்தான். 22ஆம் மாடியில் விட்டுப்போன லின்சீட் துணிகளில் தொடங்கிய தீ, மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்தது.

அதனால் துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள். அப்பளம் மாதிரி விறைத்தபிறகு குப்பையில் போடலாம். இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய இரும்பு டின்னில் அமுக்கி மூடிவையுங்கள்.

எஸ்டேட்காரரிடமும் கேட்டேன். “அட்டைப்பெட்டியில போட்டு விறகுக் கொட்டகையில வச்சிருக்கேன், நேத்து ராத்திரி” என்றார். பிறகு அவரே அவசரமாகப் போனை எடுத்தார்.