ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எட்டு இலக்கம்

“வைஃபை பாஸ்வேர்டை இருபது எழுத்துக்கு மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுவாரமே ரவுட்டரின் பட்டியலில் தெரியாத கருவி ஒன்று ஏறியிருக்கிறது. எப்படி?” சின்ன அலுவலகம் ஒன்றை நடத்திவரும் வாசகர் கேட்டிருக்கிறார்.

அது உங்கள் ஆட்களில் ஒருவரின் போனாகவே இருக்கலாம் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் தங்கள் நிஜ மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) வைஃபையில் காட்டுவதில்லை. நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் புது முகவரி புனைந்துகொள்கின்றன. பட்டியலில் உள்ள மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைந்த முகவரி. அலுவலகத்தில் உள்ள போன்களை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து துண்டித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் துண்டித்த பிறகும் அந்தக் கருவி பட்டியலில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படி நின்றாலும், வந்தவர் உங்கள் இருபது எழுத்தை உடைத்து வந்திருக்க மாட்டார். டபிள்யூபிஏ2 என்னும் வைஃபைப் பாதுகாப்பு முறையில் பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்துத்தான் சாவி உருவாகிறது. அகராதியில் இல்லாத, சீரற்ற இருபது எழுத்தை அந்த வேகத்தில் ஊகித்துப் பிடிக்க முடியாது. அவர் வேறு கதவு வழியாக வந்திருக்கலாம். ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு இவற்றோடு டபிள்யூபிஎஸ் பின் என்று எட்டு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கலாம். அந்தக் கதவு இதுவாக இருக்கலாம்.

நீண்ட பாஸ்வேர்டை டைப் செய்யச் சிரமப்படுபவர்களுக்காக வைஃபை நிறுவனங்களின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2007இல் கொண்டுவந்த வசதி டபிள்யூபிஎஸ். பட்டனை அமுக்கினால் இரண்டு நிமிடத்துக்குள் கருவி இணைந்துகொள்ளும். அல்லது கருவியின் திரையில் வரும் பின்னைப் பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் உள்ளிடலாம். மூன்றாவது வழியில், ரவுட்டரின் ஸ்டிக்கரில் உள்ள பின்னைக் கருவி சொல்ல, ரவுட்டர் வைஃபை பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. இந்த வழிக்கு யாரும் பட்டனை அமுக்க வேண்டியதில்லை. சிக்னல் எட்டும் தூரத்தில் இருப்பவர் யாரும் முயன்று பார்க்கலாம். அதைவிட மோசம், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் ஸ்டிக்கர் பின் மாறாது. பின்னை ஒருமுறை தெரிந்துகொண்டவர் மறுபடி கேட்டால், புதிய இருபது எழுத்தையும் ரவுட்டரே ஒப்படைத்துவிடும்.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியங்கள். ஆனால் எட்டாவது இலக்கம் வெறும் சரிபார்ப்பு. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாவது இலக்கங்களை மூன்றால் பெருக்கி, இரண்டு, நான்கு, ஆறாவது இலக்கங்களை அப்படியே கூட்டி, மொத்தம் பத்தின் மடங்காக வருவதற்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி இலக்கம். 1234567ஐ எடுத்துக்கொண்டால் 3, 2, 9, 4, 15, 6, 21. கூட்டினால் 60. குறைவது பூஜ்யம். ஆகவே பின் 12345670. (பல மலிவான ரவுட்டர்களில் ஆலையிலேயே வைத்து அனுப்பிய எண்ணும் இதேதான். உங்கள் ஸ்டிக்கரில் இது இருந்தால் மேலே படிப்பதற்கு முன் போய் அணைத்துவிட்டு வாருங்கள்.) இப்போது மிஞ்சுவது ஒரு கோடி. ஒரு முயற்சிக்கு ஒன்றரை விநாடி பிடித்தால் ஒரு கோடி முயற்சிக்கு 173 நாள் ஆகும். வாசலில் நின்றுகொண்டு அவ்வளவு நாள் யாரும் முயல மாட்டார்கள்.

ஆனால் நான்கரை மணி நேரமே போதும். அது ஏன் என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி.

ரவுட்டரும் கருவியும் எட்டுச் செய்திகள் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றுக்கு எம்1 முதல் எம்8 வரை பெயர். முதல் இரண்டிலும் டிஃபி-ஹெல்மன் முறையில் இருவருக்கும் பொதுவான ரகசியச் சாவி உருவாகிவிடும். ஒட்டுக்கேட்பவருக்கு அது கிடைக்காது. ஆனால் எதிரில் இருப்பவர் யார் என்பதை டிஃபி-ஹெல்மன் சொல்வதில்லை. போலி ரவுட்டரோடு பேசிக்கொண்டிருந்தால்? அதனால் இருவரும் தங்களுக்குப் பின் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். அதே நேரம் எதிராளி போலியாக இருந்தால் பின் அவர் கைக்குப் போய்விடவும் கூடாது. யார் முதலில் காட்டுவது?

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழி அழகானது. ரவுட்டர் தலா 128 பிட் நீளமுள்ள இரண்டு ரேண்டம் எண்களை எடுக்கிறது. முதல் எண்ணோடு பின்னின் முதல் நான்கு இலக்கத்தையும், இரண்டாவதோடு கடைசி நான்கு இலக்கத்தையும் கலந்து இரண்டு ஹேஷ் (திரும்பப் பிரிக்க முடியாத சுருக்கக் குறியீடு) செய்து எம்3இல் அனுப்புகிறது. ரேண்டம் எண் தெரியாதவரை அந்த ஹேஷை வைத்துக்கொண்டு எதையும் ஊகிக்க முடியாது. ஆனால் ரவுட்டர் தன் பதிலை முன்கூட்டியே எழுதி மூடிவிட்டது, இனி மாற்ற முடியாது. கருவியும் அப்படியே இரண்டு ஹேஷ் செய்து எம்4இல் அனுப்பி, கூடவே தன் முதல் ரேண்டம் எண்ணை வெளியிடுகிறது. ரவுட்டர் அதை வைத்து முதல் பாதியைச் சரிபார்க்கும். சரி என்றால் எம்5இல் தன் முதல் எண்ணைக் காட்டும். எம்6இல் கருவி இரண்டாவது எண்ணைக் காட்ட, ரவுட்டர் இரண்டாம் பாதியைச் சரிபார்த்துவிட்டு எம்7இல் தன் இரண்டாவது எண்ணோடு வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்துவிடும்.

பின்னை எதற்குப் பாதியாக வெட்ட வேண்டும்? எம்4இல் கருவி தன் எண்ணை வெளியிட்டதும், எதிரில் இருப்பது போலி ரவுட்டர் என்றால் அது 0000 முதல் 9999 வரை போட்டுப் பார்த்து முதல் பாதியைக் கண்டுபிடித்துவிட முடியும். ஆனால் எம்5இல் காட்ட வேண்டிய சான்று அதனிடம் இருக்காது, ஏனென்றால் எம்3இலேயே தவறான ஹேஷை எழுதிக் கொடுத்துவிட்டது. பேச்சு அங்கேயே முறியும். இரண்டாம் பாதி பத்திரம். அடுத்த முறை திரையில் வேறு பின் வரும் என்பதால் தெரிந்துபோன பாதியால் பயனில்லை. ஒருமுறை மட்டுமே பயன்படும் பின்னுக்கு இது நேர்த்தியான ஏற்பாடு.

அதே ஏற்பாட்டை மாறாத ஸ்டிக்கர் பின்னுக்குப் பயன்படுத்தியதும் நிலைமை தலைகீழாகிவிட்டது. தாக்குபவர் இப்போது கருவியின் வேடத்தில் வருகிறார். முதல் பாதி தவறென்றால் எம்4 முடிந்ததும் ரவுட்டர் மறுப்புச் செய்தி அனுப்பும். இரண்டாம் பாதி தவறென்றால் எம்6 முடிந்த பிறகுதான் மறுக்கும். எந்த இடத்தில் மறுப்பு வருகிறது என்பதே எந்தப் பாதி தப்பு என்று சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000 முயற்சி. இரண்டாம் பாதியில் ஓர் இலக்கம் சரிபார்ப்பு என்பதால் 1,000. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் வந்துவிட்டது. ஒரு கோடியாக இருந்தது வெறும் 11,000 ஆகிவிட்டது. முயற்சிக்கு ஒன்றரை விநாடி என்றால் நான்கரை மணி நேரம்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஸ்டெஃபான் ஃபீபெக் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். அமெரிக்காவின் கிரெய்க் ஹெஃப்னரும் தனியாக இதையே கண்டிருந்தார். இருவரும் புதிய கணிதம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எம்1 முதல் எம்8 வரை பொறுமையாகப் படித்தார்கள். விதிமுறை வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகியும், கோடிக்கணக்கில் பெட்டிகள் விற்ற எந்த நிறுவனமும் அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்று விலைக்கு வாங்கி ஒப்பேற்றும் பணத்தில், பழைய ரவுட்டர் ஒன்றைக் கழற்றி அதன் மென்பொருளைப் படிக்கச் சொல்லலாம். தேவைப்படும் செலவு மிகக் குறைவு.

தயாரிப்பாளர்கள் பூட்டு ஒன்று வைத்தார்கள். மூன்று தவறுக்கு ஒரு நிமிடம் நிறுத்தம் என்று வைத்தால் 11,000 முயற்சிக்குச் சுமார் 61 மணி நேரம் ஆகும். தடைதான், ஆனால் பெரிய தடையில்லை. 2014இல் டொமினிக் போங்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அதையும் தேவையற்றதாக்கினார். மேலே சொன்ன 128 பிட் ரேண்டம் எண்கள் நிஜமாகவே ரேண்டமா என்று அவர் பார்த்தார். ராலிங்க் சிப் வைத்த சில ரவுட்டர்களில் அந்த இரண்டு எண்களும் எப்போதும் பூஜ்யம்! பிராட்காம் சிப் உள்ள சிலவற்றில், எம்1இல் வெளிப்படையாக அனுப்பும் எண்ணை உருவாக்கிய அதே பலவீனமான நிரல்தான் அடுத்தடுத்து இந்த ரகசிய எண்களையும் உருவாக்குகிறது. ஒன்றைப் பார்த்தால் மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். ரேண்டம் எண் தெரிந்துவிட்டால் எம்3 ஒன்றே போதும். 11,000 ஹேஷ்களையும் மடிக்கணினியிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். ரவுட்டரிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருப்பதால் பூட்டு விழ வாய்ப்பே இல்லை. வேறு சில மாடல்களில் இந்தச் சிரமமும் வேண்டாம். மேக் முகவரியின் கடைசி ஆறு எழுத்தைத் தசம எண்ணாக்கி, அதில் ஏழு இலக்கம் எடுத்து, சரிபார்ப்பு இலக்கம் சேர்த்தால் பின் வந்துவிடும். மேக் முகவரியை ரவுட்டர் விநாடிக்குப் பத்துமுறை காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போட்டு ரவுட்டர் பக்கத்துக்குள் போய், வயர்லெஸ் அல்லது டபிள்யூலேன் பகுதியில் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கலாம். இரண்டையும் அணைக்க வேண்டும். பிறகு ரீபூட் செய்து, ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றால் உங்கள் நெட்வொர்க்கைப் பாருங்கள். பாதுகாப்பு விவரத்தில் டபிள்யூபிஏ2வுக்குப் பக்கத்தில் டபிள்யூபிஎஸ் என்று இன்னும் காட்டினால் சுவிட்ச் வேலை செய்யவில்லை. பழைய மாடல்கள் சிலவற்றில் இந்த சுவிட்ச் வெறும் ஒப்புக்கு இருந்தது உண்மை. அப்போது ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரின் உள் மென்பொருளை, புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு வருவதே நின்றுபோன பெட்டி என்றால் மாற்றிவிடுங்கள். எதுவரை புதுப்பிப்பு தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்றும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கக் கூடாதென்றும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் இருக்கிறது. இங்கும் அது வர வேண்டும்.

நெட்வொர்க் பெயரை மறைத்தால் போதும், குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் ஃபில்டர் போட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். உங்கள் போன் இணையும்போதெல்லாம் பெயர் காற்றில் போகிறது. அனுமதிக்கப்பட்ட மேக் முகவரியும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் முகப்பிலும் திறந்தே போகிறது. பார்த்து நகலெடுக்க அதிக நேரம் ஆகாது. அதற்காக அடுத்தவர் ரவுட்டரில் இதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

வரிசை முக்கியம். முதலில் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, அது அணைந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே வைஃபை பாஸ்வேர்டையும் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வாசகர் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிப் பலன் இல்லாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். போன்களுக்கு இதனால் நஷ்டமில்லை. ஐபோனில் டபிள்யூபிஎஸ் இருந்ததே இல்லை, ஆண்ட்ராய்டிலும் 9ஆம் பதிப்போடு கூகுள் கைவிட்டுவிட்டது. சிக்கல் வருவது பிரிண்டரில்தான். திரை இல்லாத பிரிண்டர் பழைய பாஸ்வேர்டையே பிடித்துக்கொண்டு நிற்கும். அதை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, தயாரிப்பாளரின் நிறுவல் மென்பொருள் வழியாகப் புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாம். பெரும்பாலான மாடல்களில் இது நடக்கும். நடக்காவிட்டால் பின் முறையை அணைத்தே வைத்துக்கொண்டு, பட்டன் முறையை மட்டும் இயக்கி, பிரிண்டர் இணைந்ததும் அதையும் அணைத்துவிடுங்கள்.