ஆர்ட் தெரபி படிக்க விண்ணப்பிக்கும் முன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்திலும், கல்லூரியில் கடைசி செமஸ்டர் முடியும் ஏப்ரலிலும் எனக்கு வரும் போன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "மேடம், எங்க பொண்ணு ரொம்ப நல்லா வரைவா. சைக்காலஜியும் பிடிக்குதுங்கிறா. ஆர்ட் தெரபி படிக்க வைக்கலாமா? வெளிநாட்டுக்குத்தான் போகணுமா, இல்ல மூணு மாச ஆன்லைன் கோர்ஸே போதுமா?"

அக்கறையோடு கேட்கிறவர்களிடம் அரைகுறையாகச் சொல்லிப் போனை வைக்க மனம் வருவதில்லை. சென்னை கே.கே. நகரில் ஒரு சிறிய அறையில், வரைவதன் வழியாக மனதுக்குச் சிகிச்சை தரும் இந்த வேலையைச் செய்கிறேன். அமெரிக்காவில் இதற்கான முதுகலைப் படிப்பை முடித்துத் திரும்பியவள். போவதற்கு முன் இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் 'நல்லா வரைவா' என்பதைப் பற்றி. ஆர்ட் தெரபி அறையில் வரைபவர் தெரபிஸ்ட் அல்ல, வந்திருப்பவர். அவர் வரைவது அழகாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்த நாட்களில் வரைந்து வரைந்துதான் பொழுதையும் மனதையும் தேற்றிக்கொண்டார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942-ல் 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க்கும் எடித் கிரேமரும் இதை ஒரு தொழிலாக வளர்த்தார்கள். கிரேமர் 'மூன்றாவது கை' என்று ஒன்றைச் சொல்வார். வரைபவரின் போக்கையும் அவர் சொல்ல வந்ததையும் மாற்றாமல், அவர் தடுமாறும் இடத்தில் மட்டும் உதவுகிற கை. நன்றாக வரையத் தெரிந்தவருக்கு அந்தக் கை சுலபத்தில் வராது. ஓவியக் கல்லூரியில் நான்கு வருஷம் கோட்டைத் திருத்தித் திருத்திப் பழகிய என் விரல்கள், இன்டர்ன்ஷிப்பின் முதல் மாதத்தில் அடுத்தவர் தாளை நோக்கித் தானாக நீண்டன. அதை அடக்கத்தான் அதிகம் உழைத்தேன்.

மூன்று மாத கோர்ஸை நான் குறை சொல்லவில்லை. வகுப்பில் பிள்ளைகளை வண்ணங்களோடு உட்கார வைக்க நினைக்கும் ஆசிரியைக்கு அது நிச்சயம் உதவும். அதை முடித்த கையோடு 'தெரபிஸ்ட்' என்று போர்டு மாட்டுவதுதான் ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு ஒரு அப்பா தன் 8 வயது மகனைக் கூட்டி வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பையன் ஒரு பயிலரங்கில் தாள் முழுக்கக் கறுப்பை அப்பியிருந்தான். கறுப்பு என்றால் மனச்சோர்வு, உடனே கவனியுங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனின் அம்மா இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. படத்தைப் பற்றிச் சொல்லேன் என்று பையனிடம் கேட்டேன். "கரண்ட் போன அன்னிக்கு எங்க ஹால்" என்றான். கறுப்புக்கு அடியில், ஓரமாக, மஞ்சளில் ஒரு பொட்டு தெரிந்தது. கீழ்வீட்டுத் தாத்தாவை மேலே தூக்கிவர அப்பா மொபைல் டார்ச்சோடு படியிறங்கிப் போன வெளிச்சம் அது. அவர் திரும்பி வரும்வரை அவன் அந்த இருட்டில் நின்றிருக்கிறான். பயம் உண்மைதான். ஆனால் அது எந்த இரவின் பயம், யாருக்கு என்ன ஆகிவிடுமோ என்ற பயம் என்பது நிறங்களுக்கு அர்த்தம் போட்ட பட்டியலில் இருக்காது. அவனிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இந்தக் கேட்பதையும் காத்திருப்பதையும் பழக்கத்தான் இவ்வளவு நீண்ட படிப்பு. அமெரிக்காவில் முதுகலைக்குக் குறைந்தது 60 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு). அதற்குள் 100 மணி நேரம் பிராக்டிகம் என்ற தொடக்கநிலைப் பயிற்சி, 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப், எல்லாமே சூப்பர்வைசரின் மேற்பார்வையில். பிரிட்டனில் முழுநேரமாகப் படித்தால் 2 வருஷம், பகுதிநேரமென்றால் பொதுவாக 3. அங்கே படிக்கும் காலம் முழுவதும் நீங்களும் ஒரு தெரபிஸ்டிடம் போய் உட்கார வேண்டும் என்பது கட்டாயம், அந்தச் செலவும் பெரும்பாலும் உங்களுடையது. நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் லாசால் கலைக் கல்லூரியில் முதுகலை இருக்கிறது. எந்த நாடானாலும் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பை அந்நாட்டின் தொழில் அமைப்பு அங்கீகரித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில், சுகாதாரத் தொழில்களை முறைப்படுத்தும் அமைப்பான ஹெச்.சி.பி.சி.யின் பதிவு இல்லாமல் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்ற பெயரைப் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம்.

இனி விண்ணப்பம். நான் பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரியில் பெயின்டிங் படித்தவள். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய கல்லூரி, படித்தவர்களுக்கு அந்தப் பெருமை உண்டு. அந்தத் தைரியத்தில் விண்ணப்பித்தேன். முதல் வருஷம் திரும்பி வந்தது. அமெரிக்காவில் பல இடங்களில் ஸ்டூடியோ ஆர்ட்டில் 18 கிரெடிட்டும் சைக்காலஜியில் 12 கிரெடிட்டும் கேட்பார்கள். என்னிடம் முதலாவது தாராளமாக இருந்தது. வளர்ச்சி உளவியலும் அப்நார்மல் சைக்காலஜியும் (மனக்கோளாறுகளைப் பற்றிய பாடம்) ஒரு பேப்பர்கூட இல்லை. தகுதிப் பக்கத்தை வரி வரியாகப் படிக்காதது என் தவறு. அடுத்த ஒரு வருஷம் அந்தப் பேப்பர்களை எழுதித்தான் மறுபடி விண்ணப்பித்தேன்.

சைக்காலஜி படித்தவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். சனி ஞாயிறு ஓவிய வகுப்பு கிரெடிட் ஆகாது. எந்தப் பேப்பரை ஏற்றுக்கொள்வார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு சேருங்கள். டிரான்ஸ்கிரிப்ட், மதிப்பெண் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு இவற்றுக்கெல்லாம் மாதக் கணக்கில் ஆகும். பல இடங்களில் கடைசித் தேதி டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வந்துவிடும். ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் நான் செய்த தவறை நிறையப் பேர் செய்கிறார்கள். பரிசு வாங்கிய கான்வாஸ்களை மட்டும் அடுக்கினேன். எல்லாமே ஆயில், எல்லாமே ஒரே மாதிரி முடிப்பு. இரண்டாம் முறை களிமண்ணில் செய்தது, கரி, வாட்டர்கலர், பாதியில் நின்றுபோன ஒரு வேலை எல்லாவற்றையும் வைத்தேன். நேர்காணலில் அந்தப் பாதியில் நின்றதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள். உங்களுக்குப் பொருட்களோடு என்ன பழக்கம், ஒன்று கைவிட்டுப் போகும்போது என்ன செய்கிறீர்கள் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள்.

நோக்கக் கட்டுரையில் 'சிறு வயதிலிருந்தே எனக்கு ஓவியம் உயிர்' என்று தொடங்காதீர்கள். எனக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்பவர்களின் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் தொடங்குகின்றன. உங்கள் உயிரைப் பற்றி அல்ல, வேறொருவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி எழுதுங்கள். அப்படி ஒரு காலைப்பொழுது இல்லையென்றால் இந்த வருஷம் விண்ணப்பிக்க வேண்டாம், முதலில் அதைத் தேடிப் போங்கள். சென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. முதியோர் இல்லங்கள், சிறப்புப் பள்ளிகள், மனநல மறுவாழ்வு இல்லங்கள், புற்றுநோய் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள். முறையாக அனுமதி கேட்டு, வாரம் இரண்டு நாள் போய் அங்கே என்ன வேலை சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள். நான் தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு மாதம் பென்சில் சீவினேன், தாள் வெட்டினேன், காபி டம்ளர் எடுத்து வைத்தேன். தெரபி எதுவும் செய்யவில்லை, செய்யவும் கூடாது. ஆனால் அவர்களின் நிதானத்துக்கு என் அவசரம் பழகியது அங்கேதான்.

படிப்புக்குள் போனபின் எனக்கு மிகவும் பிடித்தது பொருட்களைப் பற்றிய பாடம். பென்சில், கலர் பென்சில் போன்றவை கைக்கு அடங்கும், அழுத்தினால்தான் கோடு விழும். வாட்டர்கலர் ஓடும், சொன்ன பேச்சைக் கேட்காது. எதை யாருக்கு எப்போது கொடுக்கிறோம் என்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. இன்டர்ன்ஷிப்பில் பக்கவாதம் வந்து மீண்டுகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு, அழகாக இருக்குமே என்று வாட்டர்கலரை நீட்டினேன். நிறம் கோட்டைத் தாண்டி ஓடியதும் அவர் முகம் வெளுத்துப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். சொன்னபடி கேட்காத ஒரு கையோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தவரிடம், சொன்னபடி கேட்காத இன்னொன்றையும் கொடுத்திருக்கிறேன். அந்த வாரம் சூப்பர்விஷனில் ஒரு மணி நேரமும் இதைத்தான் பேசினோம். அடுத்த முறை தடிமனான ஆயில் பேஸ்டலும், மேஜையோடு டேப் போட்டு ஒட்டிய தாளும் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவரே வாட்டர்கலரைக் கேட்டார். இதைப் புத்தகத்தில் படித்தேன்தான். ஆனால் அந்த 600 மணி நேரம் இல்லாமல் எனக்குப் புரிந்திருக்காது.

அமெரிக்க விசா கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை விசாரிக்காமல் போகிறவர்கள் தவிக்கிறார்கள். மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய சி.பி.டி. என்ற, படிப்பின் பகுதியான பயிற்சிக்குரிய அனுமதி தேவை, அதற்கு முன் ஒரு நாள்கூட வேலையில் இறங்கக் கூடாது. படிப்பு முடிந்தால் அங்கே தங்கி வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம்தான். இன்ஜினியரிங் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இந்தத் துறைக்கு இல்லை. ஏ.டி.ஆர். (பதிவு பெற்ற ஆர்ட் தெரபிஸ்ட்) பதிவு வேண்டுமென்றால் அதற்கு முன் மேற்பார்வையோடு 1,000 மணி நேரம் நேரடியாக ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகும் நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் தனி லைசென்ஸ் இருக்கிறது. கடன் வாங்கிப் போகும் குடும்பங்கள் இந்தப் 12 மாதத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

திரும்பி வந்தால் அந்த லைசென்ஸ் இங்கே செல்லாது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உண்டு, நமக்கு அது இல்லை. அந்தப் பெயரை நாம் போட்டுக்கொள்ளவும் கூடாது. 2021-ல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடன, அசைவுத் தெரபிஸ்டுகளும் இடம் பெற்றிருப்பது எனக்கு ஆறுதலான செய்தி. நான் என் போர்டில் படிப்பையும் நாட்டையும் எழுதியிருக்கிறேன். மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

இங்கே வந்த பிறகு மறுபடி கற்க வேண்டியதும் உண்டு. ஆங்கிலத்தில் உணர்வுகளின் பெயர்களைப் படித்துவிட்டு வந்தவளிடம் "நெஞ்சை அடைக்குது", "வயித்தைப் பிசையுது" என்கிறார்கள். "எனக்கு வரையவே தெரியாதும்மா" என்று தாளைத் தள்ளி வைத்த ஒரு அம்மாவிடம், புள்ளி மட்டும் வைக்கிறீர்களா என்று கேட்டேன். பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி, கை எடுக்காமல் இழுத்து முடித்தார். முடித்ததும் அழுதார். கணவர் போனதிலிருந்து நாள் கிழமையில் வாசலில் கோலம் போட மருமகள் விடுவதில்லையாம். புள்ளி வைக்கச் சொன்னபோது இது எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் கோலத்தை நானாக எடுத்து வைப்பதில்லை. வருபவர் கேட்டால் மட்டும் தருகிறேன்.

அந்தத் தாள் என் அலமாரியில் பூட்டில் இருக்கிறது. போட்டோகூட எடுக்கவில்லை. சிகிச்சையில் வரைந்தது மருத்துவக் குறிப்பைப் போன்றது. எழுத்தில் சம்மதம் இல்லாமல் ஆய்வேட்டில்கூட வைக்க முடியாது. இன்ஸ்டாகிராமில் போடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பயிற்சிக்குச் சேரும் இடத்தில் சுவரெல்லாம் கிளையண்டுகளின் படம் ஒட்டியிருந்தால் சம்மதம் எப்படி வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.

இந்த வருஷம் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் மார்க் ஷீட்டுகளையும், கையில் இருக்கும் வேலைகளில் பத்தையும், போகவிருக்கும் பல்கலைக்கழகத்தின் தகுதிப் பக்கத்தை அச்செடுத்தும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்க்கலாம். அம்மாக்கள் தாராளமாகக் கூட வரலாம். ஆனால் போன் மட்டும் மகளே செய்யட்டும்.