திருக்கைக் கருவாடும் பித்தளைத் தோட்டாவும்

பாம்பனில் எங்கள் கொல்லையை ஒட்டித்தான் கருவாடு காயப்போடும் களம். நெத்திலியும் சாளையும் காய்ந்தால் மூக்கு பழகிவிடும். திருக்கை காயும் நாட்களில் கண்ணே எரியும். அப்படியொரு பருவத்துக்குப் பின் கொல்லைக் குழாயின் பித்தளை நட்டு பிளந்துகொண்டது. தேய்மானம் இல்லை, நசுங்கல் இல்லை. முடி பருமனில் நீளவாக்கில் ஒரு கோடு, அதன் வழியே சொட்டுச் சொட்டாக நீர். மட்டச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், குற்றம் அவருடையதல்ல.

இதே பிளவு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் இந்தியப் படையைப் பாடாய்ப் படுத்தியது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், சுடாமலே விரிசல் கண்டன. மழையோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்று பெயரிட்டார்கள். காரணம் 1921இல்தான் தெளிவானது: குதிரை மூத்திரத்தின் யூரியாவிலிருந்து கிளம்பும் அம்மோனியா. சுறா, திருக்கை ஆகியவற்றின் சதையிலும் யூரியா உண்டு. செத்தபின் பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கிவிடும். பித்தளைக்கு லாயமும் ஒன்றுதான், கருவாட்டுக் களமும் ஒன்றுதான்.

ஆனால் அம்மோனியா மட்டும் போதாது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டில் வில்லை வெட்டி, கிண்ணமாக அழுத்தி, குழாயாக இழுத்து நீட்டித்தான் தோட்டாக் கூடு செய்கிறார்கள். அந்த இழுப்பில் கொஞ்சம் உலோகத்துக்குள்ளேயே இறுக்கமாகத் தங்கிவிடும். ஈரத்தில் கரைந்த அம்மோனியா, பித்தளையின் படிகத் துகள்களின் எல்லையோரமாகச் செம்பை அரிக்கிறது. உள்ளிறுக்கம் அந்த அரிப்பை விரித்துக்கொடுக்க, பிளவு மேலும் உள்ளே இறங்குகிறது. உருவம் கொடுத்தபின் மிதமாகச் சூடாக்கினால் இறுக்கம் தணியும். என் நட்டை ஸ்பானரால் வெறிகொண்டு முறுக்கியவன் நான்தான்.

கடையில் தோட்டா வாங்குவதா, சுட்ட கூட்டிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்வதா என்று அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் ஓயாமல் வாதாடுவார்கள். அந்த வாதத்தின் அச்சாணியும் இந்தப் பித்தளைதான். சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், தீ மூட்டும் சிறு மூடி செத்துவிடும்; விலை கூடிய கூடு மட்டும் மிஞ்சும். ரைஃபிளுக்குள் 3,000 வளிமண்டலங்களுக்கும் மேல் அழுத்தம் ஏறும்போது கூடு விரிந்து, தோட்டா உட்காரும் அறையின் சுவரை அடைத்துக்கொள்கிறது, வாயு பின்னால் கசிவதில்லை. மறுகணம் சற்றே சுருங்கி வெளியே வருகிறது. தன் நேரத்துக்குக் கூலி போடாதவருக்கு இதில் பணம் மிச்சம். அவரவர் துப்பாக்கியின் அறைக்கேற்ப அளவைப் பொருத்தலாம் என்பதே பெரிய லாபம் என்பேன்.

நம் நாட்டில் இந்த வாதம் எடுபடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அமெரிக்காவிலும் கூடு சாகாவரம் பெற்றதல்ல. ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை விறைத்து, கழுத்தில் பிளக்கத் தொடங்கும். அதனால் கழுத்தை மட்டும் சுடரில் காட்டி இளக்குகிறார்கள். ராணுவத் தோட்டாவின் கழுத்தில் தெரியும் நீலக்கறை அழுக்கல்ல, தொழிற்சாலையில் அப்படி இளக்கிய தடம். அடிப்பக்கம் மெலிந்திருக்கிறதா என்று கண்ணால் காண முடியாது. வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரில் உரசிப் பார்ப்பார்கள். எங்காவது பள்ளத்தில் தட்டினால், அந்தக் கூடு நேரே பழைய பித்தளைக்காரரிடம் போகும்.