கிணற்றடியில் கவிழ்த்து வைத்த பற்றரி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னி முழுக்கச் சோலர் பூட்டுவதும் திருத்துவதும்தான் என் வேலை. நெடுங்கேணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் யானை வேலிக்கு மின்சாரம் கொடுத்த பற்றரி செத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது ஐயா அதைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்தார். “அசிட்டை ஊத்தினால்தான் இரும்புக்காரன் எடுப்பான் தம்பி” என்றார். சுற்றியிருந்த புல் கருகிக் கிடந்தது. பேரப்பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அந்தக் கிணற்றில்தான்.

சோலர் கழிவு என்றால் எல்லோருக்கும் பனல்தான் நினைவுக்கு வருகிறது. பனல் 25 வருடம் தாங்கும். ஈயப் பற்றரி பெரும்பாலும் நாலைந்து வருடத்தில் போய்விடும். அதனால் எங்கள் வளவுக்குள் முதலில் வருகிற நஞ்சு அதுதான். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அசிட்டை ஊற்றும்போது ஈயமும் சேர்ந்தே மண்ணுக்குப் போகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது. சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு என்றால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

சரி, பனல்? அதில் பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியமும்தான். ஆனால் செல்களை இணைக்கும் பற்றாசில் ஈயம் இருக்கலாம். உடைந்த பனலைக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போடாதீர்கள். செம்புக்காக வயரை எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை பொல்லாதது. 2016இல் அரசு தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சோலர் திட்டத்தோடு கூரையேறிய பனல்கள் 2041 அளவில் இறங்கத் தொடங்கும். புதிதாகப் பூட்டுகிறவர்கள், பழசை யார் திருப்பி எடுப்பது என்பதை இப்போதே கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கழற்றும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். வெயில் பட்டால் உடைந்த பனலிலும் கரண்ட் இருக்கும். பத்துப் பனலைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட்டும் அதற்கு மேலும் வரலாம். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் கூரையில் அது நிற்காது.

ஐயாவின் பற்றரியை நிமிர்த்தி, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துப் பற்றரிக் கடைக்குக் கொண்டுபோனேன். பழசுக்கு ஒரு விலை போட்டு, புதியதில் கழித்தார்கள். அசிட்டை ஊற்றாமலே எடுத்தார்கள்.

“கொட்டின இடத்துக்குச் சுண்ணாம்பு போட்டால் சரியோ?” என்று ஐயா கேட்டார். சுண்ணாம்பு அசிட்டைத்தான் அடக்கும், ஈயம் அங்கேயே கிடக்கும். அந்த இடத்தில் கீரை போட வேண்டாம், கோழியை மேயவிடவும் வேண்டாம் என்றேன். கிணற்றுத் தண்ணீரை ஈயத்துக்குப் பரிசோதிக்கும்வரை பிள்ளைகளுக்கு வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.